பழைய சில்வராடோவின் புகைக்குழாயை வீட்டிலேயே மாற்றலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி 2003 செவ்ரலே சில்வராடோ 1500. 5.3 லிட்டர் வி8 எஞ்சின், நான்கு சக்கர இயக்கம், ஓடுவது மிச்சிகனில். ஸ்டார்ட் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. சைலன்சரின் மேல்பக்கம் துரு தின்ற ஓட்டை தெரிகிறது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்து, சூடானதும் அடங்கிவிடுகிறது. கடையில் எஞ்சினிலிருந்து வால் வரை எல்லாவற்றையும் மாற்ற 2,400 டாலர் கேட்கிறார்கள். டிரைவ்வேயில் வைத்து நாமே செய்தால் என்ன, எங்கிருந்து தொடங்குவது?

செய்யலாம். ஆனால் புதுக் குழாயை மாட்டுவது இதில் சின்ன வேலை. பழையதைக் கழற்றுவதில்தான் உயிர் போகும். அதுவும் வாலிலிருந்து எஞ்சினை நோக்கி முன்னே போகப் போக ஒவ்வொரு நட்டும் கூடுதலாக முரண்டு பிடிக்கும், ஒடிந்தால் வரும் சேதமும் பெரிதாகும். அதனால் பாகங்களை ஆர்டர் செய்வதற்கு முன்பே, எந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது என்று தீர்மானித்துவிடுங்கள். கடைக்காரர் மொத்தத்துக்கும் விலை சொன்னார் என்பதால் மொத்தமும் கெட்டிருக்க வேண்டும் என்றில்லை.

இந்த வண்டியில் புகை போகிற வழி இதுதான். எஞ்சினின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட், அதாவது எஞ்சினிலிருந்து வரும் புகையை ஒன்றுசேர்க்கும் பாகம். ஒவ்வொன்றும் ஆறு எம்8 (8 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட்டுகளால் எஞ்சினின் மேற்பகுதியான அலுமினிய ஹெட்டில் இறுக்கப்பட்டிருக்கும். மேனிஃபோல்டின் அடிவாயில் மூன்று ஸ்டட், அதாவது தலையில்லாத போல்ட். முன்குழாய் வந்து சேர்வது அங்கே. இரண்டு முன்குழாயிலும் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒவ்வொன்று உண்டு. எல்லோரும் சொல்வதுபோல இனி கேட் என்றே சொல்கிறேன். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக மொத்தம் நான்கு ஆக்ஸிஜன் சென்சார்கள். பிறகு இரண்டு குழாயும் ஒய் வடிவில் கூடி, ஒற்றைக் குழாயாகச் சைலன்சருக்குள் போய், பின் அச்சுக்கு மேலே வளைந்து, பயணி பக்கப் பின்சக்கரத்தை ஒட்டி வெளியே வருகிறது.

இதில் முதலில் சாவது எப்போதும் பின்பாதிதான். பனி உருகுவதற்காகச் சாலையில் கொட்டும் உப்பைத் திட்டுவது வழக்கம். டெட்ராய்ட் நகருக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கம் இருக்கிறது. இந்த ஊரில் உப்புக்குப் பஞ்சம் வராது. ஆனால் சைலன்சரைத் தின்பதில் பாதிப் பங்கு உள்ளிருந்து வருகிறது. ஒரு கேலன் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு கேலன் தண்ணீர் உண்டாகும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடினால் அது ஆவியாகப் போய்விடும். பால் வாங்கக் கடைக்கும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் மட்டும் வண்டியை எடுத்தால் சைலன்சர் சூடாவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுவீர்கள். புகையிலிருக்கும் அமிலம் கலந்த அந்தத் தண்ணீர் சைலன்சரின் வயிற்றிலேயே தேங்கும். பல சைலன்சர்களின் அடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருப்பது இதற்காகத்தான். அதில் சொட்டுவதைப் பார்த்துவிட்டு ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்.

சரி, எங்கே ஒழுகுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்துக் குழாயை வாலில் செருகி, சுற்றிலும் பழைய துணியால் அடைத்து ஊதவிடுங்கள். சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் வரை ஒவ்வொரு இணைப்பிலும் அடித்துக்கொண்டே வாருங்கள். நுரை பொங்கும் இடமெல்லாம் ஒழுகும் இடம். எஞ்சின் ஓடாததால் கார்பன் மோனாக்சைடு பயமும் இல்லை, சூடும் இல்லை. எஞ்சினை ஓட விட்டுத்தான் பார்ப்பேன் என்றால் வண்டி வெட்டவெளியில் நிற்கட்டும். கராஜ் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது.

அந்த டிக் டிக் சத்தத்துக்கு வருகிறேன். இந்த எஞ்சினைத் தெரிந்தவர்கள் கேட்டவுடனே மேனிஃபோல்ட் போல்ட் என்று சொல்லிவிடுவார்கள். வார்ப்பிரும்பும் அலுமினியமும் சூட்டில் ஒரே அளவுக்கு விரிவதில்லை. ஆயிரக்கணக்கான முறை சூடாகிக் குளிர்ந்ததில், ஓரத்தில் இருக்கும் போல்ட்டுகள் பக்கவாட்டில் இழுபட்டுத் தலை ஒடிந்து விழுந்துவிடும். பெரும்பாலும் ஒடிவது கடைசி போல்ட், அதாவது எஞ்சின் அறையின் பின்சுவரை ஒட்டி இருப்பது. குளிர்ந்திருக்கும்போது அங்கே மெல்லிய இடைவெளி திறந்து சத்தம் வரும். சூடானதும் இரும்பு விரிந்து தானே மூடிக்கொள்ளும். உங்கள் வண்டி செய்வது அதுவேதான். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு ஆறு தலையும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஹெட்டின் ஓரத்தில் கரி படிந்த கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

வண்டியின் கணினி என்ன சொல்கிறது என்பதையும் கேளுங்கள். கணினி பதிந்து வைத்த பிழை எண்களை, அதாவது கோடுகளைப் படித்துக் காட்டும் மலிவான கோட் ரீடர் போதும். பி0420 வந்தால் டிரைவர் பக்கத்துக் கேட், பி0430 வந்தால் பயணி பக்கத்துக் கேட் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். ஆனால் சென்சாருக்கு அருகில் குழாய் ஒழுகினாலும் இதே கோட் வரலாம். புகை விட்டு விட்டு அடித்து வருவது. இரண்டு அடிக்கு நடுவே அழுத்தம் விழும்போது ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து ஏமாந்துவிடும். முன்பக்கச் சென்சார் இப்படி ஏமாந்தால், கலவையில் பெட்ரோல் குறைவு என்று கணினி நினைத்துக்கொண்டு கூடுதலாக ஊற்றும். ஆகவே முதலில் ஒழுகலை அடையுங்கள், ரீடரில் அந்தப் பிழை எண்ணை அழியுங்கள், கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வந்தால் கேட் போய்விட்டது என்று நம்பலாம். ரப்பர் சுத்தியால் கேட்டை லேசாகத் தட்டும்போது உள்ளே கலகலவென்றால் இத்தனை யோசிக்கவே வேண்டாம், உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடு உடைந்துவிட்டது.

இந்தச் சோதனைகளின் முடிவைப் பொறுத்து மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சைலன்சரும் அதற்குப் பின்னால் இருப்பதும் மட்டும் போயிருந்தால், ஒய் குழாய்க்குப் பின்னால் நல்ல இரும்பு இருக்கும் இடமாகப் பார்த்து வெட்டிவிட்டு, அங்கிருந்து வால் வரை புதிது போடுங்கள். சனிக்கிழமை காலையில் தொடங்கினால் சாயங்காலம் முடிந்துவிடும். கேட்டும் போயிருந்தால் மேனிஃபோல்டின் அடிவாய் வரை போக வேண்டும்; அந்த ஆறு ஸ்டட்டுகளோடு மல்லுக்கட்டத் தயாராக இருங்கள். மேனிஃபோல்ட் போல்ட்டும் ஒடிந்திருந்தால் அதைத் தனி வேலையாக வையுங்கள். சைலன்சர் வேலையோடு சேர்த்து ஒரே வார இறுதியில் முடிக்க நினைத்தால், திங்கள்கிழமை காலையில் வண்டி ஸ்டாண்டின் மேல் நிற்கும், நீங்கள் பஸ்ஸுக்கு நிற்பீர்கள்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் பின்பாதியை இப்போது மாற்றுங்கள், மேனிஃபோல்ட் போல்ட்டைக் கோடையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். கேட் நன்றாக இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

பாகம் வாங்கும்போது ஆண்டும் எஞ்சினும் மட்டும் சொன்னால் தவறான குழாய்தான் வரும். இந்த வண்டி கேபினையும் பின்பெட்டியின் நீளத்தையும் பொறுத்து 119, 133, 143.5, 157.5 அங்குலம் என்று பல சக்கர இடைவெளிகளில் வந்தது. குழாயின் நீளமும் அதற்கேற்ப மாறும். டேப் எடுத்து முன்சக்கரத்தின் மையத்திலிருந்து பின்சக்கரத்தின் மையம் வரை அளந்துகொண்டு ஆர்டர் போடுங்கள். முன்குழாய் வாங்குவதாக இருந்தால் நான்கு சக்கர இயக்கம் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

இரும்பின் வகையிலும் கவனம் தேவை. மலிவுச் சரக்கு, அலுமினியம் பூசிய எஃகு. பூச்சு இருக்கும்வரை நன்றாகத் தாங்கும். வெட்டிய இடத்திலும் வெல்டிங் அடித்த இடத்திலும் பூச்சு போய்விடும், துரு அங்கேதான் தொடங்கும். அடுத்தது 409 துருப்பிடிக்கா எஃகு. கம்பெனிக் குழாய்கள் பெரும்பாலும் இந்த ரகம். குரோமியம் குறைவு என்பதால் மேலே பழுப்பு படியும், ஆனால் சீக்கிரம் ஓட்டை விழாது. 304 இன்னும் உசத்தி. விற்பவர் 304 என்று சத்தியம் செய்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். 409 பிடித்து இழுக்கும், 304 பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இருபது வயது தாண்டிய வண்டிக்கு 304 தண்டம் என்பது என் கருத்து. வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமே (ஃபிரேம்) அவ்வளவு நாள் இருக்கப் போவதில்லை. 409 கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் அலுமினியம் பூசியதே போதும்.

கேட்டை எடுத்து எறிந்துவிட்டு நேர்குழாய் போடு, மிச்சிகனில் புகைச் சோதனையே கிடையாதே என்று சொல்ல ஒருவராவது இருப்பார். சோதனை கிடையாது என்பது உண்மை. ஆனால் கேட்டை அகற்றுவது அமெரிக்க மத்தியச் சட்டத்துக்கு விரோதம். 1990 திருத்தத்துக்குப் பிறகு இது கடைக்காரருக்கு மட்டுமில்லாமல், சொந்த வண்டியில் கைவைக்கும் தனிநபருக்கும் பொருந்தும். செத்துப்போன கேட்டுக்குப் பதிலாக, அதே இடத்தில், உங்கள் வண்டிக்கென்று தயாரான வெளிக்கம்பெனிக் கேட்டைப் போடலாம், அதற்குத் தடையில்லை. கம்பெனிக் கேட்டுக்கு 8 ஆண்டு அல்லது 80,000 மைல் வாரண்டி உண்டு. உங்கள் வண்டிக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. கலிபோர்னியா, நியூயார்க் பக்கம் குடிபோகும் எண்ணம் இருந்தால் மட்டும், கலிபோர்னியா விதிப்படி ஒப்புதல் எண் பொறித்த கேட்டாகப் பார்த்து வாங்குங்கள். விலை கூடுதல்தான். அப்புறம், கேட் தானாகச் சாவதில்லை. எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகி எரியாத பெட்ரோல் வந்தாலோ, ஆயிலோ கூலண்டோ எரிந்து வந்தாலோதான் சாகும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதுக் கேட்டை மாட்டினால் அதுவும் அதே வழியில் போய்விடும்.

இனி வண்டிக்கு அடியில் போவோம். இரண்டரை டன் எடை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவது ஸ்டாண்டின் வேலை. நல்ல கனமான ஸ்டாண்டுகளைச் சட்டத்தின் அடியில் வையுங்கள். தார் போட்ட டிரைவ்வே என்றால் வெயிலில் ஸ்டாண்டின் கால் உள்ளே புதையும். அடியில் தடித்த பிளைவுட் துண்டு போடுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். உள்ளே போவதற்கு முன் வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். துருப்பிடித்த நட்டை நீள இரும்பால் நெம்பும்போது வண்டிக்கு அதைவிடப் பெரிய குலுக்கல் கிடைக்கும்.

உள்ளே படுத்ததும் குழாயைத் தொடாதீர்கள். டிரைவர் பக்கச் சட்டத்தை ஒட்டி ஓடும் பிரேக் குழாய்களை முதலில் பாருங்கள். இந்தத் தலைமுறை ஜி.எம். வண்டிகளில் அவை துருப்பிடித்து வெடிப்பது பேர்போன சங்கதி. மத்தியச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் விசாரணை நடத்தி, வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லாமல், உரிமையாளர்களே சோதித்துக்கொள்ளுங்கள் என்று 2015-ல் எச்சரிக்கை வெளியிட்டது. குழாயின் மேல் துரு செதில் செதிலாக உப்பியிருந்தால் சைலன்சரை ஒத்திப்போடுங்கள், அந்தப் பணத்தில் பிரேக் குழாயை மாற்றுங்கள். சத்தம் போடும் வண்டியை ஓட்டலாம், நிற்காத வண்டியை ஓட்ட முடியாது. பெட்ரோல் டேங்கும் அதன் குழாய்களும் அதே டிரைவர் பக்கம்தான் என்பதை, வெப்பமோ ரம்பமோ எடுக்கும்போதெல்லாம் நினைவில் வையுங்கள்.

கண்ணுக்குச் சாதாரணக் கண்ணாடி போதாது. மல்லாந்து படுத்து வேலை செய்யும்போது துருத்தூள் நேராக முகத்தில்தான் கொட்டும். முகத்தோடு ஒட்டி மூடும் கண்ணாடி வாங்குங்கள். தூசி முகமூடியும் வேண்டும். முக்கியமாகக் கேட்டை வெட்டினால், பீங்கானைச் சுற்றியிருக்கும் இழைப்பஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

பின்பாதியைக் கழற்றுவதற்கு ஸ்பானரே வேண்டாம். ரெசிப்ரோகேட்டிங் ரம்பம் ஒன்றும், இரும்பு வெட்டும் பிளேடுகள் ஒரு கட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றப் போகிற குழாயின் நட்டைக் கழற்ற ஒரு மணி நேரம் செலவழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குப்பைக்குப் போகிற குழாய்க்கு அத்தனை மரியாதை எதற்கு? சைலன்சருக்கு முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு. அச்சுக்கு மேல் வளையும் குழாயை முழுசாக உருவ முடியாது, அதை இரண்டு துண்டாக வெட்டினால் வந்துவிடும். ரம்பத்தை மெதுவாக ஓட விட்டு அழுத்திப் பிடியுங்கள். வேகமாக ஓட்டினால் பிளேடின் பல் எரிந்துபோகும். வெட்டு முடியும்போது சைலன்சர் உங்கள் மார்பில் விழாதபடி முன்கூட்டியே அடியில் ஒரு ஸ்டாண்டோ கட்டையோ கொடுத்துவிடுங்கள். ஒரு சைலன்சர் நினைப்பதைவிடக் கனம்.

ரப்பர் ஹேங்கர்களைச் சோப்புத் தண்ணீரோ சிலிக்கான் ஸ்பிரேயோ அடித்து நெம்பினால் வழுக்கிக்கொண்டு வரும். வராவிட்டால் அறுத்துவிடுங்கள், புது ரப்பர் விலை குறைவுதான். சட்டத்தில் வெல்டிங் அடித்திருக்கும் ஹேங்கர் கம்பியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அது வண்டியைச் சேர்ந்தது, புதுக் குழாய் அதில்தான் தொங்க வேண்டும்.

முன்னால் போக வேண்டி வந்தால் கதை மாறும். மேனிஃபோல்டின் அடிவாயில் இருக்கும் மூன்று நட்டுகளும் ஆண்டுக்கணக்கில் பழுக்கச் சூடாகிச் சூடாகி, மரையே தெரியாதபடி துரு கட்டியாகியிருக்கும். வேலைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே தினமும் ஊடுருவும் எண்ணெய் அடித்துவையுங்கள். வண்டியை ஓட்டி வந்து, கைபடும் அளவுக்கு ஆறிய பிறகு அடித்தால் குளிரும்போது எண்ணெய் உள்ளே இழுபடும். அனலாகக் கொதிக்கும்போது அடித்தால் புகையாகப் போய்விடும், தீயும் பிடிக்கலாம். முன்சக்கர வளைவின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றிவிட்டால், பயணி பக்கத்து நட்டுகளுக்கு நேர்வழி கிடைக்கும். டிரைவர் பக்கத்துக்கு அடியிலிருந்து நீள எக்ஸ்டென்ஷன்களைக் கோத்துக்கொண்டு, நுனியில் திரும்பும் மூட்டு வைத்துப் பிடியுங்கள்.

சாக்கெட் ஆறுமுனையாக இருக்கட்டும். பன்னிரண்டு முனைச் சாக்கெட், துரு தின்ற நட்டின் முனைகளை மழுக்கிவிடும். அளவு சரியாக உட்காராவிட்டால் கொஞ்சம் சிறிய சாக்கெட்டைச் சுத்தியால் தட்டி ஏற்றுங்கள். எடுத்தவுடன் முழுப்பலத்தோடு இழுக்காதீர்கள். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை அசையுங்கள், பிறகு தளர்த்துங்கள். அசைந்ததும் எண்ணெய், மறுபடி முன்னும் பின்னும். கிறீச்சென்று கேட்டால் நல்ல அறிகுறி, மரை விடுபடுகிறது. சத்தமே இல்லாமல் ரப்பர்போல முறுகிக்கொண்டே வந்தால் கையை எடுங்கள், ஸ்டட் ஒடியப் போகிறது. அந்த இடத்தில் வெப்பம்தான் மருந்து. சின்ன கேஸ் டார்ச்சால் ஸ்டட்டை விட்டுவிட்டு நட்டை மட்டும் பழுக்கக் காய்ச்சுங்கள். நட் விரியும். கொஞ்சம் ஆறியதும் மெழுகுவர்த்தியை மரையில் வைத்தால் உருகி உள்ளே ஓடும். உடனே சாக்கெட்டைப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் டார்ச்சோ வெல்டிங்கோ காட்டக் கூடாது. ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும், உயிருக்கே ஆபத்து.

ஒடிந்தேவிட்டால் உலகம் முடிந்துவிடாது. மிச்சம் துருத்திக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டிங் அடித்து நிரப்புங்கள். வெல்டிங் சூட்டிலேயே ஸ்டட் இளகி, நட்டோடு திரும்பி வரும். வெல்டிங் மிஷின் இல்லாவிட்டால், மிச்சத்தை மட்டமாக அராவி, சரியாக நடுவில் புள்ளி குத்தி, துளைபோட்டு, ஓட்டை வழியே நட்டும் போல்ட்டும் போட்டுக்கொள்ளலாம். அடிவாயில் இது எடுபடும். ஒடிந்ததை எடுக்கும் திருகாணி வகைக் கருவிகளை நான் இந்த இடத்தில் நம்புவதில்லை. அது உள்ளேயே உடைந்தால் கடினப்படுத்திய எஃகு, அதில் எந்த டிரில்லும் இறங்காது.

சென்சார்களுக்கு 22 மில்லிமீட்டர் சாக்கெட், பக்கத்தில் வயருக்கு வெட்டுவிட்ட ரகம். எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது முயலுங்கள். பழைய சென்சாரை எப்படியும் எறியப் போகிறீர்கள் என்றால், வயரை வெட்டிவிட்டு வெட்டில்லாத முழுச் சாக்கெட்டைப் போட்டால் மழுங்காமல் வரும். புதுச் சென்சாரின் மரையில் பூச்சு தடவியே வரும். நீங்கள் வேறு எதையும் தடவ வேண்டாம், நுனியில் விரல் படவும் வேண்டாம். ஒய் குழாயை எடுக்கும்போது கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச்சட்டம் குறுக்கே நிற்கும். பழையதை வெட்டித் துண்டுதுண்டாக எடுத்துவிடலாம். புதிதை நுழைக்கக் குறுக்குச்சட்டத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் கியர்பாக்ஸுக்கு அடியில் ஒரு ஜாக்கி.

மேனிஃபோல்ட் போல்ட்டைப் பற்றி இப்போதைக்கு ஒரு வழி மட்டும் சொல்கிறேன். ஒடிந்தது ஓரத்துப் போல்ட் என்றால், அந்த மிச்சத்தைத் தொடாமலேயே சமாளிக்க ஒரு கிளாம்ப் விற்கிறார்கள். ஹெட்டின் கடைசி முகத்தில் சும்மா இருக்கும் மரைத்துளையில் ஒரு போல்ட் போட்டு, மேனிஃபோல்டை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கும். பார்க்க அழகில்லை, ஆனால் சத்தம் நிற்கும். மேனிஃபோல்டையே கழற்றுவதாக இருந்தால் கேஸ்கட்டும் போல்ட்டுகளும் புதிதாக வாங்குங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு மாறி மாறி இறுக்குங்கள்; இறுக்கும் முறுக்கு விசை முதல் சுற்றில் 11, இரண்டாவது சுற்றில் 18 அடி-பவுண்ட். அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம், மரை அலுமினியத்தில் இருக்கிறது.

மாட்டும்போது எதையும் முதலில் இறுக்காதீர்கள். முன்னாலிருந்து வால் வரை எல்லாவற்றையும் தளர்வாகக் கோத்துத் தொங்கவிட்டுவிட்டுத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு முனையைச் சரிசெய்தால் இன்னொரு முனை ஸ்பேர் டயரில் இடிக்கும். இதில் பலர் கோட்டைவிடும் இடம் பின் அச்சு. வண்டியைச் சட்டத்தில் தாங்கியிருப்பதால் அச்சு கீழே தொங்கிக்கொண்டிருக்கும், அதற்கும் மேலே வளையும் குழாய்க்கும் நடுவே நிறைய இடம் இருப்பதுபோலத் தோன்றும். வண்டியை இறக்கிச் சுமையும் ஏற்றினால் அச்சு மேலே வந்து குழாயை முட்டும். ஆகவே ஜாக்கியால் அச்சைத் தூக்கி, அது வழக்கமாக நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து இடைவெளியைப் பாருங்கள். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றிலிருந்தும் ஓர் அங்குலமாவது தள்ளியிருக்கட்டும்.

கிட்டோடு வரும் யூ வடிவக் கிளாம்ப்களை டப்பாவிலேயே விட்டுவிடுங்கள். அவை குழாயை நசுக்கி ஒன்றுக்குள் ஒன்று பூட்டிவிடும். அடுத்த முறை வெட்டித்தான் எடுக்க வேண்டும், அப்படியும் லேசாக ஒழுகும். அகலமான பட்டைக் கிளாம்ப் கொஞ்சம் விலை கூட, ஆனால் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும், கழற்றவும் முடியும். ஒரு குழாய்க்குள் இன்னொன்று இரண்டு அங்குலமாவது நுழைந்திருக்க வேண்டும். மரைகள் துருவில் இறுகிப்போகாமல் காக்க, செம்பு அல்லது நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசை தடவுங்கள். பிறகு முன்னாலிருந்து பின்னால் நோக்கி ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே வாருங்கள்.

முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் புகையும் எண்ணெய் நாற்றமும் வரும். குழாயில் தடவியிருந்த பாதுகாப்பு எண்ணெய் எரிகிறது, பயப்பட வேண்டாம். அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் எங்கேயோ வயரோ பிளாஸ்டிக்கோ உரசுகிறது என்று பாருங்கள். குளிர்ந்த பிறகு வேக்குவம் கிளீனரும் சோப்புத் தண்ணீருமாக மறுபடி ஒரு சுற்று. நூறு மைல் ஓடிய பின் கிளாம்ப்களை இன்னொரு முறை இறுக்குங்கள். சூட்டில் கொஞ்சம் இளகித்தான் போயிருக்கும்.

பழைய கேட்டை மாற்றியிருந்தால் அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. கம்பெனியோடு வந்த அசல் கேட் என்றால் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை கிடைக்கும், புதிதின் விலையில் ஒரு பங்கு அதிலேயே கழிந்துவிடும். திருட்டு அதிகம் என்பதால் அடையாள அட்டையும், எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதற்கு ஆதாரமும் கேட்பார்கள். பதிவுச் சீட்டையும் புதுக் கேட் வாங்கிய ரசீதையும் கையோடு எடுத்துப் போங்கள்.